கிலோமீட்டருக்கு எவ்வளவு

சகலைகள் இருவரும் சந்தித்தால்
சாப்பாட்டுக்கு முன்பே கிலோமீட்டர் ஆரம்பித்துவிடும்.

"ஒண்ணே கால் ரூபாய்" என்பார் திருஞானம்,
சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்தபடி.
தங்கை புருஷன். வண்டி முழுக்கக் கரண்டு.
"எனக்கு நாலே கால். ஆனா மாப்ள,
மெட்ராசுக்கு நான் எங்கயும் நிக்க வேணாம்"
என்பார் என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி.
பாதி பெட்ரோல், பாதி பேட்டரி.
"விழுப்புரத்தில் அம்பது நிமிஷம்.
டீ குடிச்ச மாதிரி ஆச்சு."
"அந்த டீக்காசைச் சேர்த்தியா?"
எல்லோரும் சிரிப்போம்.
நான் அப்பளம் வைத்துக்கொண்டே கூட்டிக்கொண்டிருப்பேன்.

வலங்கைமான் கூட்டுறவு வங்கியில்
நகைக்கடன் கவுண்டர் என்னுடையது.
பாதிக் கணக்கு கண்ணில் பட்டால்
எனக்கு நகக்கண்ணில் சிராய் ஏறியதுபோல்.

ஆனியில் குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்ச
நீடாமங்கலம் பக்கம் அத்தனை மோட்டாரும் ஓடும்போது
அவர்கள் வீட்டு டியூப்லைட் மஞ்சளாகிவிடும்.
சார்ஜர் சிவப்பாய் ஒருமுறை சிமிட்டி
முறைத்துக்கொண்டு நிற்கும்.
மூன்று பேஸ் இழுக்க முப்பத்தோராயிரம்,
அது ஒண்ணே காலில் இல்லை.
இரண்டு மாத மீட்டர் ஐநூறைத் தாண்டியதும்
மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் சேர்த்து
ரேட் ஒருபடி ஏறிவிடும்,
அதுவும் இல்லை.

என் வீட்டுக் கணக்கும் யோக்கியமில்லை.
ஓர் உடம்பில் இரண்டு இருதயம்,
இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம்.
அதே வண்டி வெறும் பெட்ரோலில்
மூன்றரை லட்சம் குறைவு.
அந்த மூன்றரையை மைலேஜில் மீட்க
எத்தனை வருஷம் ஓட்டணும் என்று
டோக்கன் சீட்டின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன்.
வாரம் இருமுறை கும்பகோணம்,
எப்போதாவது மெட்ராஸ்.
இருபத்து மூன்று வருஷம்.
அப்போது அவருக்கு எழுபது.
சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

கார்த்திகை மழையில்
வெண்ணாறு ரோட்டுக்கு வந்து
இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது.
அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை,
எனக்குத் தஞ்சாவூரில் பயிற்சி என்று
யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார் திருஞானம்.
பயிற்சி தள்ளிப்போனது அவருக்குத் தெரியாது.
கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம்
மஞ்சள் பையோடு நின்றார்.
"பேட்டரி தண்ணி குடிச்சிட்டுது" என்றார்.
"இன்சூரன்ஸ்காரன் பதினோராம் பக்கத்தில்
ஒரு வரியைக் காட்டுறான்."
அப்புறம், "மங்கைக்கு..." என்று ஆரம்பித்து
முடிக்கவில்லை.

காசுமாலை.
அவளுக்கும் எனக்கும் ஒரே நாளில் செய்தது.
தராசில் நாற்பத்து மூன்று கிராம்.
நோக்கம் என்ற கட்டத்தில்
"விவசாயம்னு போடேன், வட்டி கம்மி" என்றார்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கார் பழுது என்று எழுதினேன்.
இரண்டரை சதம் கூடுதல்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டில் சாப்பாடு.
"இப்பவும் ஒண்ணே கால்தானா?" இவர் கேட்டார்.
"ஒண்ணே கால்தான்."
ரசக்குழி அதே ஆழம்.
என் கையில் கரண்டி.

அடுப்படியில் மங்கை மெதுவாகக் கேட்டாள்:
"கணக்குப் பார்க்கிறவ நீ. சொல்லேன்க்கா,
ரெண்டில் எது லாபம்?"
"நான் பாபநாசத்திலேர்ந்து
டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போறேன்.
நமக்கு டிக்கெட் கிடையாது" என்றேன்.
சிரித்தாள்.
சிரிக்கும்போது கை கழுத்துக்குப் போனது.
அங்கே மெல்லிசாய் ஒரு கவரிங்.

நான் எதுவும் கேட்கவில்லை.
அவளாகவே சொன்னாள்:
"மாலை லாக்கரில் இருக்குக்கா."

பொய்யில்லை.
லாக்கரில்தான் இருக்கிறது.
மூன்றாவது தட்டு,
இடப்பக்கம்,
என் கையெழுத்தில் ஒரு சீட்டோடு.